கை தட்டிப் பாருங்க: எதிரொலிக்கிற ஹாலில் ஸ்பீக்கர் டியூன் செய்வது எப்படி?

இதைப் படிக்கறதை ஒரு நிமிஷம் நிறுத்திட்டு, நீங்க இருக்கற ரூம்ல ஒரே ஒரு தடவை பலமா கை தட்டுங்க. ஹாஸ்டல் ரூம்னா 'டப்'னு முடிஞ்சிருக்கும். கட்டில், மெத்தை, கொடியில தொங்கற துவைச்ச துணி, துவைக்காத துணி எல்லாம் சேர்ந்து சத்தத்தை முழுங்கிடும். அப்புறம் மெஸ் ஹாலுக்குப் போய் ஆள் இல்லாத நேரத்துல இதையே பண்ணுங்க. 'டப்ப்ப்ப்...'னு இழுத்துக்கிட்டே போகும். அந்த இழுவைதான் இந்தக் கட்டுரையோட வில்லன்.

ஹோம் தியேட்டர் வாங்கினவங்க, வாங்கப் போறவங்க, கல்ச்சுரல்ஸுக்கு ஹால்ல ஸ்பீக்கர் அடுக்கறவங்க எல்லாருக்கும் இது பயன்படும். நான் இதைக் கத்துக்கிட்டது எங்க வீட்டு ஹால்ல. அதனால அந்த ஹாலையே உதாரணமா வச்சுச் சொல்றேன்.

எங்க வீட்டுக் கதை

எங்க ஊர் நாமக்கல் பக்கம். அப்பா இருபது வருஷம் லாரி ஓட்டிச் சேர்த்த காசுல ரெண்டு வருஷம் முன்னாடி புது வீடு கட்டினார். அவருக்கு ஒரே ஒரு ஆசை, ஹால் பெருசா இருக்கணும். 9 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், ரெண்டு மாடி உயரத்துக்கு 6 மீட்டர் சீலிங். தரையில பளபளன்னு விட்ரிஃபைட் டைல்ஸ், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். வர்றவங்க எல்லாரும் "மண்டபம் மாதிரி இருக்குதுங்க"ன்னு பாராட்டுவாங்க. அது எவ்வளவு உண்மைன்னு பின்னாடிதான் தெரிஞ்சது.

போன வருஷம் அப்பா ஒரு 5.1 ஹோம் தியேட்டர் வாங்கினார். எங்க அப்பாருக்காக. எங்க பக்கம் அப்பாவோட அப்பாவை அப்பாருன்னுதான் கூப்பிடுவோம். அவருக்கு வயசு எழுபத்தி எட்டு. 1965-ல வந்த 'திருவிளையாடல்' படத்தோட வசனம் மொத்தமும் மனப்பாடம். முதல் நாள் அதே படத்தைப் போட்டோம். பத்து நிமிஷம் பார்த்தார், எழுந்து திண்ணைக்குப் போயிட்டார். ஏன்னு கேட்டதுக்குச் சொன்னார்: "சத்தம் நல்லாக் கேக்குது கண்ணு, பேச்சுத்தான் கேக்கல."

அப்பா சவுண்டைக் கூட்டினார். அப்பாரு திரும்பி வரல. அதுக்கப்புறம் எல்லாரும் உட்கார்ந்து படம் பார்க்கும்போது கூப்பிட்டா வருவார். ஆனா காமெடி சீன்ல நாங்க சிரிக்கறதைப் பார்த்துட்டு, ஒரு நொடி கழிச்சுத்தான் சிரிப்பார். நான் அதைக் கவனிச்சதுல இருந்து எனக்குப் படமே ஓடல.

ஸ்பீக்கர் மாட்ட வந்தவர் ரிமோட்ல ட்ரெபிள், பேஸ் எல்லாம் மாத்திப் பார்த்துட்டு, "இன்னும் பெரிய செட்டு போடணும் சார்"னு சொல்லிட்டுப் போயிட்டார். அதுதான் நமக்கு முதல் பாடம். எதிரொலிக்கிற ரூமுக்குப் பெரிய ஸ்பீக்கர் மருந்தே இல்ல. ஏன்னு பார்ப்போம்.

சத்தம் ஏன் போக மாட்டேங்குது?

எதிரொலி வேற, இது வேற. மலைக்கு எதிர்ல நின்னு கத்தினா, நம்ம குரல் தனியா ஒரு தடவை திரும்பி வருமே, அது எதிரொலி. ஹாலுக்குள்ள நூறு எதிரொலி ஒண்ணு மேல ஒண்ணா விழுந்து, பிரிச்சுக் கேட்க முடியாம ஒரே இழுவையா ஆகும். இதை எதிர்முழக்கம்னு சொல்வாங்க. இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு ரிவெர்பரேஷன்னு சொன்னாத்தான் விளங்கும். தமிழ் வார்த்தையை இந்தக் கட்டுரைக்காகத்தான் தேடிப் பிடிச்சேன்.

ஒரு ரூம்ல சத்தத்தை நிறுத்தின பிறகு அது 60 டெசிபல் குறைய எவ்வளவு நேரம் ஆகுதோ, அதுதான் அந்த ரூமோட முழக்க நேரம். சினிமா பார்க்கற வீட்டு ரூமுக்கு இது அரை நொடிக்குப் பக்கத்துல இருந்தா சுகம்.

இதுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் வாலஸ் சபின். 1895-ல ஹார்வர்டு பல்கலைக்கழகத்துல ஃபாக் மியூசியம்னு புதுசா ஒரு கட்டடம் கட்டினாங்க. அதோட லெக்சர் ஹால்ல யார் பேசினாலும் ஒண்ணும் புரியல. ஒரு சத்தம் அடங்க அஞ்சரை நொடி ஆச்சு. இயற்பியல் துறையில இளம் ஆசிரியரா இருந்த சபின்கிட்ட இதைச் சரி பண்ணச் சொன்னாங்க. அவர் பக்கத்துல இருந்த சாண்டர்ஸ் தியேட்டரோட சீட் மெத்தைகளை ராத்திரி நேரத்துல தூக்கிட்டு வந்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா அடுக்கி, ஒரு ஆர்கன் குழாயை ஊதி, சத்தம் அடங்கற நேரத்தை அளந்தார். மெத்தை கூடக் கூட முழக்க நேரம் குறைஞ்சது. அதுல இருந்து வந்த சூத்திரம் ரொம்ப எளிமையானது:

முழக்க நேரம் = 0.161 × ரூமோட கன அளவு ÷ மொத்த உறிஞ்சு பரப்பு

உறிஞ்சு பரப்புன்னா, ஒவ்வொரு பொருளோட பரப்பையும் அது சத்தத்தை எவ்வளவு பங்கு முழுங்குதுங்கறதால பெருக்கிக் கூட்டறது. திறந்த ஜன்னல்னா பங்கு 1, போன சத்தம் திரும்பவே வராது. டைல்ஸ், பூசின சுவர், கண்ணாடி எல்லாம் பேச்சு அலைவரிசைகள்ல சராசரியா 0.03-க்குப் பக்கம். அதாவது நூறுல மூணுதான் உள்ள போகும், மீதி தொண்ணூத்தேழு திரும்பி வரும்.

எங்க ஹாலுக்குப் போட்டுப் பார்க்கலாம். கன அளவு 9 × 6 × 6 = 324 கன மீட்டர். தரை, சீலிங், நாலு சுவர் எல்லாம் சேர்த்துப் பரப்பு 288 சதுர மீட்டர். அதை 0.03-ஆல பெருக்கினா சுமார் 9. சோபா, ஆளுங்க, கதவில்லாத வாசல்கள் எல்லாம் சேர்த்து இன்னொரு 11. மொத்தம் 20. முழக்க நேரம் 0.161 × 324 ÷ 20 = 2.6 நொடி!

இந்த 2.6 நொடியில என்ன நடக்கும்? சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். எங்க ஹால் அளவுக்கு சராசரியா நாலரை மீட்டருக்கு ஒரு தடவை எதிலயாவது முட்டும். அப்போ 2.6 நொடிக்குள்ள கிட்டத்தட்ட 200 தடவை முட்டித் திரும்புது. நாம சாதாரணமாப் பேசும்போதே ஒரு நொடிக்கு நாலஞ்சு அசை பேசுவோம். முதல் அசை அடங்கறதுக்குள்ள அடுத்த பத்து அசை அது மேல வந்து விழுது.

இதுல அடி வாங்கறது மெய்யெழுத்துதான். 'கத்தி', 'கட்டி', 'கட்சி' இந்த மூணையும் சொல்லிப் பாருங்க. உயிர் ஓசை மூணுலயும் ஒண்ணு. நடுவுல வர்ற வல்லினம் மட்டும்தான் வித்தியாசம். உயிர் ஓசை நீளமா, பலமா இருக்கும். வல்லினம் கண் இமைக்கற நேரத்துல வந்து போற சின்ன வெடிப்பு. முந்தின உயிர் ஓசையோட முழக்கம் அந்த வெடிப்பை மூடிடும். கேட்கறவர் காதுல மூணும் ஒண்ணுதான்.

வயசானா முதல்ல போறதும் உயர் அலைவரிசைகளைக் கேட்கற திறன்தான். மெய்யெழுத்துகளைப் பிரிச்சுக் காட்டற தகவல் நிறைய இருக்கறது 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பக்கம். நம்ம வயசுல விட்டுப் போனதை மூளை யூகிச்சு நிரப்பிடும். அப்பாருக்கு ரெண்டு பக்கமும் அடி. அவர் சொன்னது அப்படியே இயற்பியல். சத்தம் கேட்குது, பேச்சு கேட்கல.

சவுண்டைக் கூட்டினா ஏன் சரியாகாது?

உங்க காதுக்கு ரெண்டு வகையான சத்தம் வருது. ஒண்ணு ஸ்பீக்கர்ல இருந்து நேரா வர்றது. இன்னொண்ணு சுவர்ல எல்லாம் முட்டிட்டு வர்றது. நேர் சத்தம் தூரம் கூடக் கூடக் குறையும். முட்டி வர்ற சத்தம் ஹால் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே அளவுல நிரம்பி நிக்கும். ரெண்டும் சமமா இருக்கற ஒரு தூரம் உண்டு. எங்க ஹாலுக்கும் ஸ்பீக்கருக்கும் கணக்குப் போட்டப்போ அது வெறும் 1.4 மீட்டர்தான் வந்தது. எங்க சோபா இருந்தது ஸ்பீக்கர்ல இருந்து 5.6 மீட்டர் தள்ளி. அங்க நேர் சத்தம் முழக்கத்தை விட 12 டெசிபல் கம்மி.

வால்யூமைக் கூட்டினா என்ன ஆகும்? ரெண்டும் சேர்ந்தே கூடும். வித்தியாசம் அதே 12 தான். சந்தைக் கடையில ஒருத்தர் பேசறது புரியலைன்னு சந்தையையே சேர்த்துக் கத்தச் சொன்ன மாதிரி. ஈக்வலைசர் கதையும் இதேதான். அது ஸ்பீக்கருக்குப் போற சிக்னலை மாத்தும், சுவரை மாத்தாது.

அதனால வேலை செய்யற வரிசை ரொம்ப முக்கியம். முதல்ல இடம், அடுத்தது உறிஞ்சறது, அப்புறம் சப்வூஃபர், கடைசியாத்தான் ரிமோட். முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாப் பண்றாங்க. நானும் ஒரு வாரம் ரிமோட்டோட போராடிட்டுத்தான் இங்க வந்தேன்.

படி 1: இடம். செலவு பூஜ்யம்

சோபாவை ஸ்பீக்கர் பக்கம் கொண்டு வாங்க. பெரிய ஹால்னா எல்லாரும் டிவியை ஒரு கோடியிலயும் சோபாவை மறு கோடியிலயும் போடுவாங்க. நாங்க சோபாவை டிவி சுவர்ல இருந்து 4 மீட்டருக்கு இழுத்தோம். ஸ்பீக்கரைச் சுவர்ல இருந்து 80 செ.மீ. முன்னாடி நகர்த்தினோம். நடுவுல இருந்த தூரம் 5.6-ல இருந்து 3.2 மீட்டர் ஆச்சு. இதுக்கே கிட்டத்தட்ட 5 டெசிபல் லாபம்.

அடுத்தது சென்டர் ஸ்பீக்கர். படத்துல வசனம் பெரும்பாலும் அதுல இருந்துதான் வரும். எங்க வீட்டுல அதை டிவி ஸ்டாண்டோட கீழ்த்தட்டுக்குள்ள சொருகி வச்சிருந்தாங்க. அது நம்ம முழங்காலுக்குத்தான் பேசிக்கிட்டிருந்தது. அதை வெளிய எடுத்து, தட்டோட முன் விளிம்புல வச்சு, அடியில ரெண்டு ரப்பர் துண்டு கொடுத்து, முகம் காதைப் பார்க்கற மாதிரி சாய்ச்சு வைங்க. உங்க வீட்டுலயும் சென்டர் ஸ்பீக்கர் இப்படி எங்கயாவது ஒளிஞ்சிருக்கலாம், போய்ப் பாருங்க.

படி 2: உறிஞ்சறது. கொஞ்சம் காசு, நிறைய சண்டை

முழக்க நேரத்தைப் பாதியாக்கணும்னா உறிஞ்சு பரப்பை ரெட்டிப்பாக்கணும். அதாவது 20-ஐ 40 ஆக்கணும்.

முதல்ல அளந்துக்குங்க. ஒரு பலூனை ஊதி ஹால்ல உடைச்சு, போன்ல ரெக்கார்ட் பண்ணி, ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருள்ல திறந்து, சத்தம் 20 டெசிபல் இறங்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க. அதை மூணால பெருக்குங்க. 60 டெசிபல் முழுசா இறங்கறதுக்குள்ள மின்விசிறி சத்தமும் தெருச் சத்தமும் குறுக்க வந்துடும், அதனாலதான் 20. எங்களுக்கு 2.4 நொடி வந்தது. கணக்குல வந்த 2.6-க்குப் பக்கம்தான்.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி சபின் பண்ணதையே பண்ணினேன். விருந்தாளிகளுக்குன்னு பரண்ல வச்சிருந்த ஆறு இலவம்பஞ்சு மெத்தையையும் இறக்கி, ஹால் சுவர் ஓரமா நிறுத்தினேன். மறுபடியும் கை தட்டினேன். வித்தியாசம் எங்கம்மாவுக்கே தெரிஞ்சது. ஆனா அப்பா முகம் மாறிடுச்சு. "இவ்வளவு செலவு பண்ணி ஹாலைக் கட்டினது, மெத்தையை வச்சு மூடறதுக்கா?"ன்னு கேட்டார். நான் பதில் சொல்லாம டிவியைப் போட்டேன். திண்ணையில இருந்த அப்பாரு தலையை உள்ள நீட்டி, "இப்பக் கொஞ்சம் தெளிவா இருக்குதே"ன்னார். அப்பா அதுக்கப்புறம் எதுவும் பேசல.

நாங்க கடைசியாப் பண்ணது இதுதான்:

கண்ணாடி ஜன்னல்ல நல்ல கனமான திரை, 20 சதுர மீட்டர். ஜன்னல் அகலத்துக்கு ரெண்டு மடங்கு துணி எடுத்து மடிப்பு மடிப்பாத் தொங்க விடணும். தட்டையாப் போட்டா பாதிப் பலன்கூடக் கிடைக்காது. இது பாதியை உறிஞ்சும், அதனால 10.

ராக்வூல் பேனல் பத்து. ஏசி டக்ட், பாய்லர் இதுக்கெல்லாம் சுத்தற அதே ராக்வூல்தான். 50 மில்லிமீட்டர் கனம், 60-க்கு 120 செ.மீ. அளவுல ஸ்லாப் வாங்கி, மர ரீப்பர்ல சட்டம் அடிச்சு, காத்து புகற துணியைச் சுத்தி நானே செஞ்சேன். எட்டாயிரத்துக்குள்ள முடிஞ்சது. இது 6.5. வெட்டும்போது கிளவுஸ், மாஸ்க் கட்டாயம். நான் போடாம ஒரு ராத்திரி முழுக்கச் சொறிஞ்சேன்.

சோபாவுக்கும் டிவிக்கும் நடுவுல 12 சதுர மீட்டருக்குத் தடிமனான கார்ப்பெட். இது மூணரை. பவானி ஜமக்காளம் போட்டா போதாதான்னு அம்மா கேட்டாங்க. டைல்ஸ் மேல ஒட்டிக் கிடக்கற மெல்லிசான துணி ரொம்ப உயர்ந்த அலைவரிசையை மட்டும்தான் கொஞ்சம் தொடும். கனம்தான் இங்க காசு.

கூட்டினா 20 வருது. மொத்தம் 40. முழக்க நேரம் கணக்குப்படி 1.3, பலூன்படி 1.4 நொடி. அரை நொடி இல்லதான். ரெண்டு மாடி உயர ஹால்ல அதுக்கு மேல போகணும்னா சீலிங்லதான் கை வைக்கணும், அதுக்கு வீட்டுல அனுமதி இல்ல. ஆனா சமமா இருக்கற தூரம் 1.4-ல இருந்து 2 மீட்டர் ஆயிடுச்சு. சோபாவும் கிட்ட வந்தாச்சு. 12 டெசிபல் பின்தங்கி இருந்த நேர் சத்தம் இப்போ 4 டெசிபல்தான் கம்மி. பேச்சு புரிய ஆரம்பிக்கற இடம் இதுதான்.

பேனலை எங்க மாட்டறதுன்னு கேட்டா, கண்ணாடி வித்தை ஒண்ணு இருக்கு. நீங்க சோபாவுல உட்காருங்க. ஒரு நண்பரை முகம் பார்க்கற கண்ணாடியைப் பக்கச் சுவர்ல வச்சு நகர்த்தச் சொல்லுங்க. எந்த இடத்துல கண்ணாடிக்குள்ள ஸ்பீக்கர் தெரியுதோ அங்கதான் சத்தம் முதல்ல முட்டுது. பேனல் அங்க. மீதியை சோபாவுக்குப் பின் சுவர்ல மாட்டுங்க. சுவரோட ஒட்டாம அஞ்சு செ.மீ. இடைவெளி விட்டா இன்னும் கொஞ்சம் கீழ் அலைவரிசை வரைக்கும் பிடிக்கும்.

முட்டை அட்டை, தெர்மாகோல் இதெல்லாம் ஒட்டாதீங்க. யூட்யூப்ல ஆயிரம் பேர் சொன்னாலும் சரி. முட்டை அட்டை ரொம்ப மெல்லிசு. தெர்மாகோல்ல காத்து உள்ள போகவே வழியில்ல. சத்தம் நார்களுக்கு நடுவுல புகுந்து உராய்ஞ்சு வெப்பமா மாறணும், அப்போதான் உறிஞ்சினதாக் கணக்கு.

படி 3: சப்வூஃபர். தவழணும்

பேஸ் வேற உலகம். 57 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலைநீளம் 6 மீட்டர். அஞ்சு செ.மீ. பேனல் அதுக்குக் கொசுவலை மாதிரி.

அது ஏன் 57? ரெண்டு சுவருக்கு நடுவுல சத்தம் நின்னு ஆடற அலைவரிசைகள் உண்டு. 343-ஐ நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா முதல் அலைவரிசை, அதோட மடங்குகள் அடுத்தடுத்தது. 9 மீட்டருக்கு 19, 38, 57. 6 மீட்டருக்கு 28.6, 57. எங்க ஹால்ல அகலமும் 6, உயரமும் 6. ஆக நீளம், அகலம், உயரம் மூணும் ஒரே 57-ல வந்து கூடுது! படத்துல ஒரு கதவைச் சாத்தினாலும் எங்க வீட்டுல குண்டு வெடிச்ச மாதிரி கேட்டதுக்குக் காரணம் இதுதான். போதாக்குறைக்குப் பழைய சோபா இடம் சுவர்ல இருந்து 6 மீட்டர், அதாவது நீளத்துல சரியா மூணுல ரெண்டு பங்கு. 57 உச்சத்துல இருக்கற இடமே அதுதான். வீடு கட்டப் போறவங்க இருந்தா நீள அகல உயரத்தை ஒண்ணுக்கொண்ணு சமமாவோ எளிய மடங்காவோ வைக்காதீங்கன்னு சொல்லுங்க.

தீர்வு சப்வூஃபரோட இடம். மூலையில வச்சா எல்லா அலைவரிசையும் முழு வேகத்துல கிளம்பும். நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. சப்வூஃபரைத் தூக்கி, நீங்க உட்கார்ற சோபா மேலயே வைங்க. பேஸ் நிறைய இருக்கற பாட்டு ஒண்ணைத் திரும்பத் திரும்ப ஓட விடுங்க. நீங்க தரையில தவழ்ந்து, சப்வூஃபர் வைக்க முடியற இடங்கள்ல எல்லாம் காதைத் தாழ்த்திக் கேளுங்க. எந்த இடத்துல எல்லா நோட்டும் சமமா, உருமாம கேட்குதோ அங்க வைங்க. ஸ்பீக்கர் இடமும் காது இடமும் மாறினாலும் பாதை ஒண்ணுதான், அதனால இது வேலை செய்யும். நான் தவழ்ந்துக்கிட்டிருந்தப்ப அப்பாரு வந்து, "என்ன கண்ணு தொலைச்ச? நானும் தேடட்டா?"ன்னு கேட்டார்.

எனக்குக் கிடைச்ச இடம், டிவி சுவர் ஓரமா, பக்கச் சுவர்ல இருந்து ஒன்றரை மீட்டர். அப்புறம்தான் உறைச்சது, அது 6 மீட்டர் அகலத்துல சரியாக் கால் பங்கு. அகலத்தோட ரெண்டாவது அலைவரிசை அந்த இடத்துல பூஜ்யம். அதாவது அங்க வச்சா சப்வூஃபரால அகலத்தோட 57-ஐக் கிளப்ப முடியாது. காது கண்டுபிடிச்சதைக் கணக்கு உறுதி பண்ணுச்சு. எக்ஸாம் ஹால்ல எனக்கு இந்த சந்தோஷம் வந்ததே இல்ல.

படி 4: இப்போ ரிமோட்டை எடுங்க

ரிசீவர் செட்டிங்ல எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்'னு போடுங்க. இது ஸ்பீக்கரைக் கேவலப்படுத்தறது இல்ல, பேஸ் வேலையை சப்வூஃபருக்குக் கொடுக்கறது. கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிங்க. ரொம்பச் சின்ன ஸ்பீக்கர்னா 100, 120. சப்வூஃபர் பின்னாடி இருக்கற கிராஸ்ஓவர் திருகைக் கடைசி வரைக்கும் திருப்பி விட்டுடுங்க, ரெண்டு இடத்துல வடிகட்ட வேண்டாம்.

ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தூரத்தை டேப்ல அளந்து போடுங்க. டெஸ்ட் டோன் ஓட விட்டு, போன்ல சத்தம் அளக்கற ஆப் வச்சு, சோபாவுல காது இருக்கற உயரத்துல எல்லாமே 75 டெசிபல் காட்டற மாதிரி வைங்க. சப்வூஃபருக்குப் போன் மைக்கை அதிகம் நம்பாதீங்க, கீழ் அலைவரிசையில அது குறைச்சுத்தான் காட்டும். 80 ஹெர்ட்ஸ் டோன் போட்டு ஃபேஸ் ஸ்விட்சை 0, 180 ரெண்டுலயும் மாத்திப் பாருங்க. எதுல சத்தம் அதிகமோ அது சரி. ரிசீவரோட மைக் வந்திருந்தா, ஆடிசி, ஒய்பாவோ மாதிரியான தானியங்கி அளவீட்டையும் இப்போ ஓட விடலாம். பேனல் மாட்டறதுக்கு முன்னாடி ஓட்டினது செல்லாது.

மிச்சம் இருக்கற 57 உருமலுக்கு இப்போ ஈக்வலைசர் வரலாம். நான் அந்த இடத்துல மட்டும் 5 டெசிபல் குறைச்சேன். மேட்டைக் குறைக்கலாம், பள்ளத்தை நிரப்பாதீங்க. பள்ளம்னா அங்க அலைகள் ஒண்ணையொண்ணு அழிக்குதுன்னு அர்த்தம், எவ்வளவு ஊத்தினாலும் அழிஞ்சுக்கிட்டேதான் இருக்கும், ஆம்ப்தான் சூடாகும்.

பெரியவங்களுக்காக மூணு விஷயம். ஒண்ணு, சென்டர் ஸ்பீக்கரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டி வைங்க. ரெண்டு, 'நைட் மோட்' மாதிரி டைனமிக் ரேஞ்சைச் சுருக்கற செட்டிங் இருந்தா ஆன் பண்ணுங்க, சண்டைக் காட்சியில அலறாது, கிசுகிசுக்கும்போது காணாமலும் போகாது. மூணு, 'திருவிளையாடல்' மாதிரி பழைய படங்கள் மோனோ. அது இடது, வலது ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே மாதிரி வரும், சென்டர் சும்மா இருக்கும். ரிசீவர்ல 'டால்பி சரவுண்ட்' இல்ல 'புரோ லாஜிக்' போட்டா அந்த வசனம் சென்டருக்கு வந்துடும். ஒரே ஒரு பட்டன். இதை யாருமே எங்களுக்குச் சொல்லல.

ஒரு விஷயத்தை மறைக்காமச் சொல்லிடறேன். இதெல்லாம் காது டாக்டருக்குப் பதில் இல்ல. அப்பாருவைக் கூட்டிட்டுப் போய்க் காது டெஸ்ட்டும் எடுத்தோம். ஹியரிங் எய்டு போட்டாலும் ரூம் முழங்கினா அந்த முழக்கமும் சேர்ந்துதான் பெருசாகும். ரூமைச் சரி பண்றது எப்படியும் வீண் போகாது.

கடைசியா

பொங்கல் லீவுல மறுபடியும் 'திருவிளையாடல்' போட்டோம். தருமி வர்ற சீன். நான் டிவியைப் பார்க்கல, அப்பாருவைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். நாகேஷ் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அப்பாருவோட உதடு அசைஞ்சது. சரியான இடத்துல சிரிச்சார். எங்க யார் முகத்தையும் பார்க்கல.

மறுநாள் காலையில அப்பா காபி டம்ளரோட ஹால்ல நின்னு சுவரைப் பார்த்துக்கிட்டிருந்தார். திட்டப் போறார்னு நினைச்சேன். "அந்தப் பக்கச் சுவத்துல ரெண்டு பேனலுக்கு இடம் இருக்குதேடா, போட்டா இன்னும் நல்லா இருக்குமா?"ன்னு கேட்டார்.

இந்த லீவுக்கு வீட்டுக்குப் போனா முதல்ல ஹால் நடுவுல நின்னு ஒரு தடவை கை தட்டுங்க. இழுத்துச்சுன்னா ரிமோட்டைத் தொடாதீங்க. சோபாவை முன்னாடி நகர்த்துங்க, பரண்ல இருக்கற மெத்தையை இறக்குங்க. அப்புறம் வீட்டுலயே வயசுல மூத்தவரை உட்கார வச்சு, ஒரு பழைய படத்தைப் போட்டு, எப்போ சிரிக்கறார்னு பாருங்க. அதை விட நல்ல டெஸ்ட் டோன் எனக்குத் தெரியல.